ரைலி தூங்கவில்லை

எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். அதில் உண்மையாக உழைப்பது இரண்டே இரண்டு. ஒன்று தாரு கெஸ்கிதாலோ, இன்னொன்று காபி இயந்திரம். மீதிப் பேர் நாங்கள் கூட்டம் போடுவோம். என் பெயர் தபானி. வாடிக்கையாளர் யாராவது எரிச்சலோடு போன் செய்தால் எடுத்துச் சமாதானம் சொல்பவன் நான். எங்கள் பனிநாட்டு ஊரான கயானியில் மூடிப்போன காகித ஆலையின் ஒரு மூலையை எடுத்து, அதில் சர்வர்களை அடுக்கி வைத்துப் பிழைப்பு நடத்துகிறோம். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பொய் இயந்திரங்களை ஓடவிட்டு, ஆளுக்கொன்றாக வாடகைக்கு விடும் தொழில்.

பொய் இயந்திரம் என்று நான் சொன்னால் தாருவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "மெய்நிகர்னு சொல்லு" என்பாள். எப்படிச் சொன்னாலும் அதற்குள் நெட்வொர்க் கார்டு என்று ஒரு பொருள் கிடையாது. இருப்பதுபோல நடிக்க ஒரு நிரல் வேண்டும். டிரைவர் என்று பெயர்; வண்டியும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. வெளியிலிருந்து வரும் செய்திகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி உள்ளே கொடுப்பதுதான் அதன் வேலை. எங்களுடைய டிரைவரைத் தனியாளாக எழுதியவள் தாரு. எழுதியதோடு விடாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று உலகத்துக்கே பொதுவான நிரலில் சேர்த்தும் விட்டாள். இன்றைக்கு எந்தெந்த நாட்டில் எத்தனை இயந்திரத்தில் அது ஓடுகிறது என்று அவளுக்கே தெரியாது.

பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. குஹ்மோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். எக்ஸ்சேஞ்சை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வாங்கினார்கள், இவள் கணினி வாங்கினாள். பிடிவாதக்காரி. ஒரு கோடை முழுவதும் வீட்டுத் தோட்டத்தில் கிடந்த பாறையைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் மண் அள்ளும் இயந்திரம் கொண்டுவருகிறேன் என்றபோதும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "என் நிலத்துல கெடக்கு, அப்போ என் வேலை" என்றாள். இவளோடு வாதாடுவதற்குச் சும்மா இருக்கலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

போன பிப்ரவரியில் வந்தது அந்த விவகாரம். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு உதவி மையம் உண்டு. தனியாக வாழும் வயதானவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அதிலுள்ள பட்டனை அமுக்கினால், மையத்தில் உட்கார்ந்திருப்பவரின் திரையில் மணி அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சுவோமுஸ்ஸல்மிக்கு அந்தப் பக்கம், எண்பது தாண்டிய ஓஸ்மோ கர்ப்பினென் சவுனா என்னும் நீராவிக் குளியல் குடிலுக்கு விறகு எடுத்துக்கொண்டு போகும்போது பனியில் வழுக்கி விழுந்தார். உறைநிலைக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. உடனே பட்டனை அமுக்கியிருக்கிறார். மையத்திலிருந்து பதில் வர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. மனிதர் பிழைத்துக்கொண்டார். இடது காலில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அன்றைக்கு மையத்தில் பணியில் இருந்தவர் ரைலி மோய்லனென். ஓய்வு பெற இன்னும் நாலைந்து ஆண்டு இருக்கும் பெண்மணி. எங்கள் பெரிய இயந்திரம் பட்டையின் செய்தியை வாங்கிய கையோடு உள்ளே, மையத்தின் பொய் இயந்திரத்துக்குத் தள்ளிவிட்டதாகப் பதிவு சொன்னது. அதற்கப்புறம் மிச்சம் இருந்தது திரையும் ரைலியும்தான். ஞாயிறு மதியம், வேலை மந்தம், மடியில் பின்னல் ஊசி வேறு. கண் அசந்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விசாரணை. யூனியன்காரரும் உட்காருவார், ஆனால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு அவர் மட்டும் என்ன செய்துவிட முடியும்? வெள்ளிக்கிழமையோடு ரைலிக்கு வேலை போகும், கூடவே பேரும் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் பக்கம் ஏதாவது கோளாறு உண்டா என்று மையத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். அந்த இயந்திரத்துக்கு ஒரு பிங் அனுப்பினேன். பிங் என்பது "இருக்கிறாயா?" என்று கேட்கும் ஒரு குட்டிப் பாக்கெட். "இருக்கிறேன்" என்று பதில் உடனே வந்தது. கோளாறு இல்லை என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

காபி மேஜையில் தாரு கம்பளிக் காலுறைக் கால்களை நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தபானி, இந்த மையத்துக்காரங்க இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ சொல்லியிருக்காங்க. திரை கொஞ்ச நேரம் செத்த மாதிரி கெடந்துச்சு, அப்புறம் தானா வந்துச்சுன்னு."

"ஆமா. ரெண்டு தடவையும் பார்த்தோம். நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன பார்த்தீங்க?"

"பிங் பண்ணிப் பார்த்தோம்."

"மூணு தடவ ஒரே ஆளு ஒரே குறைய சொல்றாங்க. மூணு தடவையும் நல்லாருக்குன்னு உங்களுக்கு நீங்களே சர்டிபிகேட் குடுத்துக்கிட்டீங்க. நல்ல ஆளுங்கடா."

எங்கள் முதலாளி கிம்மோ அப்போதுதான் உள்ளே வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கெட்ட செய்தி என்றால் காதைப் பொத்திக்கொள்ளும் ரகம்.

"அம்மா தாயே, இதைக் கிளறாதே. அவங்க நம்ம மேல பழி போடல. நாமளா போய் ஏன் தலையக் குடுக்கணும்?"

"அப்போ அந்தம்மா வேலை போகட்டும்கிறியா?"

"அப்படி நான் சொல்லல. நம்ம மேல தப்பிருக்குன்னு காட்டு, நானே போய்ச் சொல்றேன்."

"சொல்லுவேல்ல?"

"சொல்றேன்னேன்ல!"

"தபானி, நீ சாட்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

விசாரணை வாரத்தின் திங்களும் செவ்வாயும் அவள் தலை நிமிரவில்லை. மையத்தின் இயந்திரத்தைப் போலவே ஒன்றைத் தனியாக அமைத்து, ஞாயிற்றுக்கிழமை மாதிரியே ஒற்றை ஒற்றையாகச் செய்தி அனுப்பினாள். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லாமே போய்ச் சேர்ந்திருந்தது. இடைவெளியைக் கூட்டினாள், குறைத்தாள். எங்கே தடுக்குகிறது என்று தெரிய, நிரல் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் "இங்கே வந்துவிட்டேன்" என்று எழுதும்படி வரிகள் சேர்த்தாள். ஒன்றும் தடுக்கவில்லை. சமத்துப் பிள்ளை மாதிரி ஓடியது.

"தாரு, மூஞ்சியப் பாரு. சாப்டியா?" என்றேன்.

"மணி எப்படி அடிச்சுதுன்னு எனக்குத் தெரியணும்."

"எந்த மணி?"

"ரைலியோட மணி. பதிவுல நாம உள்ள தள்ளுன நேரந்தான் இருக்கு. எப்படி அடிச்சுதுன்னு இல்ல. யாராவது அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து யாருமே ரைலியிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் தூங்கினீர்களா இல்லையா என்பதுதான்.

புதன்கிழமை என் காரில் போனோம். ரைலி கதவைத் திறந்தார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"நீங்களும் நான் தூங்குனேனான்னு கேக்கத்தான் வந்தீங்களா?"

"இல்ல. அந்த டிரைவரை எழுதுனவ நான். மணி எப்படி அடிச்சுதுன்னு கேக்க வந்தேன்" என்றாள் தாரு.

ரைலி எங்களைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் வழி விட்டார். சமையலறையில் காபி ஊற்றினார், ரை மாவு அப்பத்தில் முட்டை கலந்த வெண்ணெய் தடவிக் கொடுத்தார். கோபமாக இருந்தாலும் எங்கள் ஊரில் காபி இல்லாமல் பேச்சு இல்லை.

"ரெண்டு சேர்ந்து அடிச்சுது" என்றார் ரைலி. "ஓஸ்மோவோடதும் ஆய்லியோடதும். ஆய்லிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமையானா பட்டன் வேலை செய்யுதான்னு ஒரு தடவ அமுக்கிப் பார்ப்பா. எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டா. அது அடிச்ச அதே நொடில ஓஸ்மோவோடதும் அடிச்சுது. அதுக்கு முன்னாடி திரைல ஈ காக்கா இல்ல."

"ஒரே நொடியிலயா?"

"ஒரே நொடி. இதையும் அவங்ககிட்ட சொன்னேன். ஆய்லி மணி சத்தத்துலதான் நான் முழிச்சேன்னு எழுதிக்கிட்டாங்க." குரல் உடைந்தது. ஆத்திரமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டேன்.

தாரு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. காரில் ஏறினோம். ஏரியைத் தாண்டும்போது தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

"நானேதான் எழுப்பிட்டிருக்கேன்!"

"யாரை?"

"டிரைவரை! ஒரு செய்தி அனுப்புறேன். போய்ச் சேந்துச்சான்னு நெட்வொர்க் வழியா உள்ள போய்ப் பார்க்குறேன். அப்படிப் போறதே ஒரு பாக்கெட்தானே? முதல் பாக்கெட் மாட்டிக்கிட்டுக் கெடந்தாலும், நான் பார்க்கப் போறது அதைத் தட்டி எழுப்பிடுது. ஆய்லி எழுப்புன மாதிரி. நீ பிங் பண்ணி எழுப்புன மாதிரி."

"அப்போ நாங்க நல்லாருக்கான்னு கேட்டதே…"

"கேட்டதும் நல்லாயிடுச்சு. ஒவ்வொரு தடவையும்."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. உலகத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அத்தனை பேரின் விரலும் முதலில் போவது பிங்குக்குத்தான். மையத்தின் இயந்திரம் உயிரோடிருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறொரு கார்டு வழியாகப் போகிறது. அதனால் இந்தப் பக்கம் தூங்கியது யாருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை தாரு சோதனை அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாளை ஒட்டினாள்: "பிங் பண்ணுகிற விரல் உடைக்கப்படும்." இந்தத் தடவை நெட்வொர்க் வழியாக எட்டிப் பார்க்கவில்லை. பொய் இயந்திரத்தின் திரையையே நேராக முன்னால் திறந்து வைத்துக்கொண்டாள். "இங்கே வந்துவிட்டேன்" வரிகளையும் எடுத்துவிட்டாள். அவை டிரைவரின் நடையைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, கோளாறு நடக்கும் அந்த நூலிழை நேரத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகின்றனவாம். பிறகு ஒற்றைச் செய்திகளைத் தன்பாட்டில் போகவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மா உட்காருவது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்று பக்கத்திலிருந்த எனக்குத் தெரியும்.

காலை முழுக்க எல்லாம் வந்துகொண்டே இருந்தன. மற்றவர்கள் பட்டாணி சூப் குடிக்கக் கீழே போனார்கள். அந்த நேரத்தில்தான் ஒன்று வரவில்லை.

அனுப்பியாகிவிட்டது. பெரிய இயந்திரம் உள்ளே தள்ளியாகிவிட்டது. திரையில் ஒன்றுமில்லை. தாரு அடுத்ததை அனுப்பாமல் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது.

"தொடாதே" என்றாள்.

"நான் எங்க தொட்டேன்?"

கிம்மோ சூப் குடித்த திருப்தியோடு வந்து தன் மேஜையிலிருந்தே கேட்டான். "என்ன, தொங்கிடுச்சா?" கேட்டுக்கொண்டே, கதவில் ஒட்டிய தாளை நாலு தடவை படித்த அதே மனிதன், விரல் போன போக்கில் ஒரு பிங்கைத் தட்டிவிட்டான்.

எங்கள் திரையில் செய்தி டபக்கென்று வந்து விழுந்தது.

"இதோ பதில் வருதே! நல்லாத்தானே இருக்கு?" என்றான் கிம்மோ.

"கிம்மோ, கையை எடு! எந்திரிச்சு இங்க வா!" தாரு போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்தில் கரண்டி விழுந்தது எனக்குக் கேட்டது. அவன் வந்தான். அவள் திரையைக் காட்டினாள், அனுப்பிய நேரத்தைக் காட்டினாள், வந்து விழுந்த நேரத்தைக் காட்டினாள். "நடுவுல இருக்கிறதுதான் ஓஸ்மோ பனியில கெடந்த நேரம். நீ இப்போ பண்ணியே, அது ஆய்லி பண்ணது."

கிம்மோ இரண்டு நேரத்தையும் தானே ஒருமுறை படித்தான். உட்கார்ந்துவிட்டான்.

அதற்குமேல் தேட அதிக நேரம் ஆகவில்லை. பாக்கெட் வந்தால் பெரிய இயந்திரம் டிரைவருக்கு மட்டும் கேட்கும் ஒரு மணி அடிக்கும்; இது ரைலியின் திரை மணி இல்லை. மணி கேட்டதும் டிரைவர் மணியை அணைத்துவிட்டு, வந்திருப்பதை எல்லாம் அள்ளி உள்ளே கொடுக்கும். வரிசை காலி என்று கண்டதும் மணியை மறுபடி போட்டுவிட்டுத் தூங்கப் போகும். காலி என்று பார்த்ததற்கும் மணியைப் போட்டதற்கும் நடுவே, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பாக்கெட் வந்துவிட்டால் அதற்கு மணி கிடையாது. அடுத்தது வந்து மணி அடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். வேலை மும்முரமான இயந்திரத்தில் அடுத்தது உடனே வந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஞாயிறு மதியம் அடுத்தது ஆய்லிதான்.

மருந்து ரொம்பச் சின்னது. மணியைப் போட்ட பிறகு, தூங்குமுன் இன்னொரு தடவை வரிசையைப் பார்க்க வேண்டும். இரண்டு வரி.

"இது தெரியாமலா எழுதுன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தாரு பழைய மாற்றங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இருந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானே எடுத்துட்டேன். வேகம் கூடும்னு. கூடவும் செஞ்சுது. எல்லாரும் பாராட்டுனீங்க, கேக் வாங்கினோம்." கண்ணை மூடிக்கொண்டாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் கண்ணைத் திறந்து, அந்த இரண்டு வரியையும் திரும்ப எழுதத் தொடங்கிவிட்டாள்.

திருத்திய டிரைவரை வெள்ளி காலைவரை தானாக ஓடவிட்டோம். ஆயிரக்கணக்கில் ஒற்றைச் செய்திகள். ஒன்றுகூட மாட்டவில்லை.

பொது நிரலுக்குத் திருத்தம் அனுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. என்ன கோளாறு, எப்படித் திருத்தினோம் என்று எழுதி, அடியில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். கோளாறைக் கொண்டுவந்த பழைய மாற்றம் எது என்பது ஒன்று. கோளாறை முதலில் சொன்னவர் யார் என்பது இன்னொன்று. உலகமே படிக்கும், அழிக்கவும் முடியாது. முதல் வரியில் தாரு தன்னுடைய பழைய மாற்றத்தைப் போட்டாள்.

கிம்மோ தோளுக்குப் பின்னால் நின்றான். "நீயே உன் பேரைப் போட்டு மாட்டிக்கணுமா? பழைய கோளாறுன்னு பொதுவா எழுதினா போதாதா? நான் சொல்றேன்னேன்ல, போய்ச் சொல்றேன். ஆனா இப்படி ஊரறிய…"

"போதாது. எங்கெங்கயோ இது ஓடுது. எதிலிருந்து கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அவங்க சரி பண்ணிக்க முடியும்."

"ஒப்பந்தம் போச்சுன்னா?"

"போகட்டும். மூணு விரல் போச்சு, கிம்மோ."

அவள் அனுப்பினாள். பிறகு அவளுடைய குளிர்கோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தவன் கிம்மோதான். விசாரணைக்கும் கூடவே வந்து, சொன்னபடி முதல் வார்த்தையை அவனே பேசினான். அதைச் சொல்லாவிட்டால் நான் மனிதன் இல்லை.

மையத்தின் கூட்ட அறையில் மேலாளர், யூனியன்காரர், ஆளுக்கு முன்னால் ஒரு கோப்பை. ஓரத்தில் ரைலி, நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்தபடி. தாரு சோதனையை அவர்கள் கண்ணெதிரே செய்து காட்டினாள். பழைய டிரைவரில், அந்த நூலிழை நேரம் பார்த்து அனுப்பிய செய்தி மாட்டியது. இன்னொரு செய்தி போனதும் இரண்டும் சேர்ந்து வந்தன.

"அப்படின்னா இது யார் தப்பு?" என்று மேலாளர் கேட்டார்.

"என்னோடது. ரைலி சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல."

யூனியன்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். மேலாளர் பேனாவை உருட்டினார், இருமினார், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கடைசிவரை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. அந்த ஆளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடைபாதையில் தாரு போனைத் திறந்து திருத்தத்தை ரைலியிடம் காட்டினாள். அடியில் இருந்த வரியைப் பெரிதாக்கினாள். கோளாறைச் சொன்னவர்: ரைலி மோய்லனென்.

ரைலி கண்ணாடியை மாட்டிப் படித்தார். "நான் எங்க கோளாறு சொன்னேன்? மணி அடிக்கலன்னுதானே சொன்னேன்."

"அதேதான்."

ரைலி சுவரில் சாய்ந்துகொண்டார். "உனக்குத் தெரியுமா பொண்ணே, தூங்கலன்னு முதல்ல சத்தியம் பண்ணேன். அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, தூங்கிட்டேனோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். ஓஸ்மோகிட்ட போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். தூங்கிட்டேன், மன்னிச்சிருன்னு." அழுதார். "அந்த மனுஷன் என்னைத் திட்டக்கூட இல்ல."

தாரு போனைப் பைக்குள் போட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"அவரு இப்போ எங்க இருக்காரு?"

"வீட்டுக்கு வந்துட்டாரு. சுவோமுஸ்ஸல்மில."

"இப்பவே போலாம். நீங்க தூங்கலன்னு அவருக்குத் தெரியணும்."

"போன்ல சொல்லிக்கலாமே" என்றேன். ஒன்றரை மணி நேர ஓட்டம், வெளியே பனி கொட்டுகிறது.

"விரலைப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட போன்லயா சொல்லுவேன்? அவரு எம்மூஞ்சியப் பாக்கணும்" என்றாள் தாரு. "வண்டியை எடு."

எடுத்தேன். ரைலி முன்னால் உட்கார்ந்து வழி சொன்னார். பின்னால் தாரு, ஓஸ்மோவிடம் சொல்லப்போவதை முணுமுணுவென்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எத்தனை விதமாக மாற்றினாலும் ஒவ்வொரு தடவையும் "நான்தான்" என்றே ஆரம்பித்தாள்.